பெரிய டிவி, சின்னப் படம்: எஸ்டி சேனல் பார்ப்பவர் எதை வாங்கலாம்?

புது டிவியைச் சுவரில் மாட்டி, முதல்முதலாகச் செய்திச் சேனலைப் போட்டதும் வீட்டில் ஒரு அமைதி விழும். கடையில் கிளியின் ஒவ்வொரு இறகும் எண்ணிப் பார்க்கும்படி தெரிந்ததே, இங்கே செய்தி வாசிப்பவர் முகம் மெழுகு பூசின மாதிரி இருக்கிறதே என்று எல்லோருக்கும் தோன்றும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், வாங்கியவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மறுநாள் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டால் அவர் ரிமோட்டை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு, "டிவில ஒண்ணும் இல்லைங்க, சேனலே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அவர் சொன்னது சரிதான். ஆனால் வாங்குவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நான் வேறு அளவு, வேறு மாடல் எடுத்திருப்பேன்.

டிஷ் வழியாக எஸ்டி சேனல்களையே, அதாவது எச்டி அல்லாத சாதாரணத் தரச் சேனல்களையே, பொழுதுக்கும் பார்க்கிற, ஆனால் திரை மட்டும் பெரிதாக வேண்டும் என்று நினைக்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் படம் பார்ப்பதுதான் முக்கிய வேலை என்றால் உங்கள் கணக்கே வேறு.

டிஷ்ஷிலிருந்து என்னதான் வருகிறது?

எஸ்டி படம் என்பது 576 வரிகள், வரிக்கு 720 புள்ளிகள் (பிக்சல்கள்). அமெரிக்கா, ஜப்பான் முறையைப் பின்பற்றும் நாடுகளில் 480 வரிகள். 720-ஐ 576-ஆல் பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். ஃபுல் எச்டி திரையில் இருப்பவை 20,73,600, சரியாக 5 மடங்கு. 4கே திரையில் 82,94,400, சரியாக 20 மடங்கு. ஆக, 4கே டிவியில் எஸ்டி சேனல் ஓடும்போது 20-ல் 1 பங்கு மட்டுமே வானத்திலிருந்து வருகிறது. மீதி 19 பங்கை டிவிக்குள் இருக்கும் சிப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. 8கே என்றால் 80 மடங்கு. எஸ்டி பார்ப்பவருக்கு 8கே பற்றிச் சொல்ல இதற்கு மேல் எதுவும் இல்லை.

அந்த 4 லட்சமாவது முழுசாக வருகிறதா என்றால், அதுவும் எப்போதும் இல்லை. இடத்தை மிச்சம் பிடிக்க, வரிக்கு 720-க்குப் பதில் 544 புள்ளிகள் மட்டும் அனுப்பும் சேனல்கள் உண்டு. வண்ணம் இன்னும் குறைவு. குறுக்கே பாதி, நெடுக்கே பாதி, அதாவது 360-க்கு 288 என்ற அளவில்தான் நிறத் தகவல் வருகிறது. சிவப்பு எழுத்துகளின் ஓரம் கசிந்தாற்போலத் தெரிவது அதனால்தான்.

இதையெல்லாம் விடப் பெரிய அடி அழுத்தத்தில், அதாவது படத்தைச் சுருக்கி அனுப்புவதில், விழுகிறது. ஸ்டூடியோவுக்குள் எஸ்டி வீடியோ கேபிளில் நொடிக்கு 270 மெகாபிட் ஓடும். செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு டிரான்ஸ்பாண்டர், பரவலான பழைய டிவிபி-எஸ் ஒளிபரப்பு அமைப்பில், மொத்தமாகவே நொடிக்குச் சுமார் 38 மெகாபிட்தான் தாங்கும். அதை 10 சேனல்கள் பங்கு போட்டால் தலைக்கு 4 கூடத் தேறாது. எம்பெக் முறையில் படத்தை 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாக வெட்டித்தான் சுருக்குகிறார்கள். பிட் போதாதபோது அந்தக் கட்டங்களே திரையில் தெரிய ஆரம்பிக்கும். கூட்டம் ஓடும் காட்சி, தண்ணீர், பூத்தூவல், கேமரா ஃபிளாஷ் மின்னும் இடம் என்று எங்கெல்லாம் படம் வேகமாக மாறுகிறதோ அங்கெல்லாம் பார்க்கலாம்.

ஒரு கட்டம் திரையில் எவ்வளவு பெரிதாக இருக்கும்? பழைய 21 இன்ச் ட்யூப் டிவியில் அரை செ.மீ. கூட இருக்காது. 55 இன்ச் திரையின் உயரம் 68.5 செ.மீ.; அதில் 576-ல் 8 வரி என்றால் கிட்டத்தட்ட 1 செ.மீ. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சதுரம் சதுரமாக ஒரு முகம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இன்னொரு சிக்கல் ட்யூப் டிவி காலத்து மிச்சம். எஸ்டி ஒளிபரப்பு முழுப் படமாக வருவதில்லை. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று, நொடிக்கு 50 அரைப்படங்களாக வருகிறது. ட்யூப் டிவி அதை அப்படியே கோடு கோடாக வரைந்துவிடும். தட்டைத் திரைக்கு அந்த வித்தை தெரியாது. இரண்டு அரைகளைச் சேர்த்து முழுதாக்கித்தான் காட்டமுடியும். அந்த இரண்டும் வேறு வேறு கணத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், அசையும் இடத்தில் ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மட்டமான சிப் என்றால் ஓடும் எழுத்துகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி முளைக்கும், சாய்ந்த கோடுகள் படிக்கட்டு ஆகும். ஒரே அளவு, ஒரே பேனல் உள்ள இரண்டு டிவிகளில் எஸ்டி படம் வேறு வேறாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த ஒட்டுவேலைதான் காரணம்.

டிஷ்ஷைத் திருப்பி வைத்தால் படம் கூர்மையாகும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆன்டெனா காலத்து நம்பிக்கை அது. டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் படம் உடையும், உறையும், காணாமல் போகும். மங்கலாகாது.

எத்தனை இன்ச்?

இந்தக் கேள்விக்குப் பதில் கடையில் கிடைக்காது. சோபாவுக்கும் சுவருக்கும் நடுவே டேப் பிடித்துப் பார்த்தால் கிடைக்கும்.

சாதாரணக் கண்ணுக்கு 576 வரிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியாமல் ஒன்றிவிடும் தூரம், படத்தின் உயரத்தைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு. ஃபுல் எச்டிக்கு இது 3 மடங்கு சொச்சம், 4கே-க்கு ஒன்றரை மடங்கு சொச்சம். "4கே டிவியைக் கிட்டத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம்" என்று விற்பவர் சொல்வது 4கே படத்துக்குப் பொருந்தும். அதே நாற்காலியிலிருந்து எஸ்டி பார்த்தால் அத்தனை வண்டவாளமும் தண்டவாளம் ஏறும்.

6 மடங்கு என்று வைத்துக்கொண்டால், 32 இன்ச்சுக்குச் சுமார் 8 அடி. 43 இன்ச்சுக்குப் பத்தரை அடி. 50-க்கு 12 அடிக்குக் கொஞ்சம் மேல். 55-க்குப் பதின்மூன்றரை. 65-க்கு 16. இது கறாரான கணக்கு. நடைமுறையில் நாலரை, ஐந்து மடங்கு வரை கண் பொறுத்துக்கொள்கிறது, அதிலும் படிப்படியாகப் பழகிவிட்டால். என் அனுபவத்தில் அதற்கும் கீழே போனால்தான் தலைவலி. 9, 10 அடியில் உட்கார்ந்து 65 இன்ச்சில் எஸ்டி பார்ப்பவர்களுக்கு என்ன டிவி வாங்கிக் கொடுத்தாலும் திருப்தி வராது.

பழைய 4:3 அகலத்தில் வரும் சேனல்களே உங்கள் வீட்டில் அதிகம் ஓடுகிறதா? அப்படியானால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். அகலத் திரையில் அந்தப் படத்துக்கு இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், திரையின் கால் பங்கு போய்விடும். 55 இன்ச் டிவியில் உங்களுக்குக் கிடைப்பது 45 இன்ச் படம். காசு கொடுத்த திரை வீணாகிறதே என்று படத்தை இழுத்து நிரப்புகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே குறைவாக உள்ள புள்ளிகளை இன்னும் அகட்டி, மனிதர்களைக் குட்டையும் குண்டுமாக ஆக்குவதைத் தவிர அதனால் பயன் இல்லை. படத்தின் உயரம் மாறாததால் மேலே சொன்ன தூரக் கணக்கு 4:3-க்கும் அப்படியே பொருந்தும்.

எதெல்லாம் போட்டியில் இருக்கிறது?

சிறிய எச்டி ரெடி அல்லது ஃபுல் எச்டி எல்இடி டிவியை எடுத்துக்கொள்ளலாம், 32 முதல் 43 இன்ச் வரை. எச்டி ரெடி என்று விற்பவை பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளி பேனல்கள். 576 வரியை 768 ஆக்குவது ஒன்றே கால் மடங்குக்குச் சற்று மேல், சிப்புக்கு அதிக வேலை இல்லை. "எஸ்டி பார்க்க 4கே வாங்காதே, ஃபுல் எச்டி வாங்கு" என்று ஊரெல்லாம் சொல்வது இதை வைத்துத்தான். நான் இதைப் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அந்த டிவிகளில் எஸ்டி நன்றாகத் தெரிவதற்குப் பெரிய காரணம் திரை சின்னது என்பதே. அதே 43 இன்ச்சில் நல்ல சிப் உள்ள 4கே டிவியையும் சுமாரான சிப் உள்ள ஃபுல் எச்டி டிவியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் 4கே ஜெயித்துவிடும். பிக்சல் நுணுக்கமானால் சாய்ந்த கோடுகள் வழவழப்பாக வரும். ஃபுல் எச்டி இப்போது விலை குறைந்த வரிசையாகிவிட்டதால், நல்ல சிப்பை அதில் வைக்க எந்த நிறுவனத்துக்கும் அக்கறை இல்லை. 50 இன்ச்சுக்கு மேல் புதிதாக ஃபுல் எச்டி கிடைப்பதே அரிது. சின்ன அறை, 8 அடித் தூரம், செய்தியும் தொடரும் மட்டும் என்றால் 32 இன்ச்சை எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது, பலரும் விழும் பள்ளம்: விலை மலிவான 55, 65 இன்ச் 4கே. ஒரே பணத்துக்கு இன்ச் அதிகம் கிடைக்கும்போது கை தானாக அங்கே போகிறது. அந்த விலைக்கு அவ்வளவு பெரிய பேனல் தரவேண்டுமானால் நிறுவனம் எங்கே கையை வைக்கும்? சிப்பில்தான். 20-ல் 19 பங்கை ஊகிக்கவேண்டிய வேலையை, ஊகிக்கத் தெரியாத ஒன்றின் தலையில் கட்டுகிறீர்கள். அதை மறைக்கவே ஷார்ப்னஸையும் வண்ணத்தையும் ஏற்றி வைத்து அனுப்புகிறார்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம், முகத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பது போலப் புள்ளி நடுக்கம். எஸ்டி பார்க்கும் வீட்டுக்கு இதைவிட மோசமான தேர்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அதே பணத்தில் ஒரு படி சின்ன அளவு, ஒரு படி உயர்ந்த வரிசை என்று போனால் 43 அல்லது 50 இன்ச்சில் நல்ல சிப் உள்ள 4கே எல்இடி அமையும். நான் சொல்லும் வழி இதுதான். பழைய, தரம் குறைந்த படத்தைத் தேற்றுவதில் சோனிக்கு நெடுங்காலப் பெயர் உண்டு. ஆனால் பிராண்டை மட்டும் பார்த்து ஏமாறவேண்டாம். எந்த நிறுவனத்திலும் மேல் வரிசைக்கு ஒரு சிப், கீழ் வரிசைக்கு வேறு சிப். மாடல் எண்ணை வைத்து, உள்ளே எந்தப் பிராசசர் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எல்இடி என்று முடிவானால் பேனலில் இரண்டு சாதி. விஏ பேனலில் கறுப்பு நன்றாகக் கறுக்கும். கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள விகிதம் 3000-க்கு 1, அதற்கு மேலும் போகும். ஐபிஎஸ்ஸில் அது ஆயிரத்தை ஒட்டி நிற்கும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் நிறம் வெளிறாது. நுணுக்கம் குறைந்த படத்துக்குக் கறுப்பு ஆழமாக இருந்தால் கண்ணுக்குக் கூர்மை கூடினாற்போல இருக்கும். அதனால் நேராக உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு விஏ. கூடத்தில் மூலைக்கு ஒருவராக உட்காரும் குடும்பத்துக்கு ஐபிஎஸ்.

ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி? பார்க்க அழகு, மறுக்கமாட்டேன். எஸ்டிக்கு மூன்று தொல்லைகள். இருட்டுக் காட்சிகளில்தான் அழுத்தக் கட்டங்கள் அதிகம் பதுங்கியிருக்கும்; கரும் நிழலைத் துல்லியமாகக் காட்டும் ஓஎல்இடி, எல்இடி மறைத்துவைத்த அந்தக் கட்டங்களையும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். இரண்டாவது, அதன் பிக்சல் மின்னல் வேகத்தில் மாறுவதால் சினிமாவில் கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் விட்டுவிட்டு நகர்வது போல் தோன்றும். மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரே செய்திச் சேனல், அதே மூலையில் அதே லோகோ, அடியில் அதே நிறப் பட்டை, பக்கங்களில் கறுப்புப் பட்டை என்று வருஷக்கணக்கில் ஓடினால் திரையில் தடம் பதியும். லோகோவை மங்கலாக்குவது, படத்தை மெல்ல நகர்த்துவது என்று தடுப்பு ஏற்பாடுகள் உண்டுதான். நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டில் அவற்றை நம்பி நான் இறங்கமாட்டேன்.

பழைய பிளாஸ்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் மனசு கேட்காது. எஸ்டிக்கு அதைப்போல் ஒரு தட்டைத் திரை வந்ததில்லை. தொடக்க கால 42 இன்ச் பிளாஸ்மா பலவற்றில் பேனலே 852-க்கு 480 புள்ளிதான். வரும் படத்துக்கும் திரைக்கும் இடையில் பெரிய பள்ளமே இல்லை. அசைவு இயல்பாக இருக்கும், கறுப்பு கறுப்பாக இருக்கும். பானசோனிக் 2013-ல் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது, சாம்சங்கும் எல்ஜியும் 2014-ல் விலகின. இன்றைக்குக் கிடைப்பதெல்லாம் பழையது. மின்சாரம் குடிக்கும், சூடாகும், தூக்க இரண்டு பேர் வேண்டும், பேனல் போனால் மாற்றப் பேனல் கிடையாது. தெரிந்தவர் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருப்பது கைக்கு வந்தால் வாங்கிக்கொள்ளலாம், தேடிப்போக வேண்டாம்.

டிவியை விட்டுவிட்டு செட்-டாப் பாக்ஸை மாற்றினால்?

அதையும் இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே சேர்க்கிறேன். தினமும் பார்க்கும் நாலைந்து சேனல்களுக்கு எச்டி இருந்தால், எச்டி பாக்ஸுக்கும் அந்தச் சேனல்களுக்கும் செலவழிப்பது டிவியில் கூடுதலாகப் போடும் பணத்தைவிட அதிகம் பலன் தரும். எச்டி சேனலில் ஓடும் பழைய படமும்கூட எஸ்டியில் ஓடுவதைவிடத் தெளிவாகவே இருக்கும். அதைப் பெரிதாக்கும் வேலையைச் சேனல்காரர்கள் நல்ல கருவியில் செய்திருப்பார்கள், பிட்டும் தாராளமாகக் கிடைத்திருக்கும். உங்கள் சேனல்கள் எஸ்டியில் மட்டும் வருகின்றன என்றால் இந்த வழி அடைபட்டது, விட்டுவிடுங்கள்.

பாக்ஸை மாற்றாவிட்டாலும் கம்பியை மாற்றலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை கொண்ட பழைய வயரில் இணைத்திருந்தால், நிறமும் வெளிச்சமும் ஒரே மஞ்சள் கம்பியில் கலந்து ஓடிவந்து, டிவியில் மறுபடி பிரிக்கப்படுகின்றன. எழுத்து ஓரங்களில் புள்ளி ஊர்வது அதனால்தான். பாக்ஸில் எச்டிஎம்ஐ இருந்தால் அதில் மாற்றுங்கள், இருக்கிற டிவியிலேயே வித்தியாசம் தெரியும். விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் படம் மெருகேறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

எச்டி பாக்ஸ் வைத்துக்கொண்டு எஸ்டி சேனல் பார்ப்பவர்கள் பலர் தொடாத அமைப்பு ஒன்று இருக்கிறது. பாக்ஸின் வீடியோ அவுட்புட் பெரும்பாலும் 1080 என்று நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கும். அப்போது எஸ்டி படத்தைப் பெரிதாக்குவது பாக்ஸுக்குள் இருக்கும் எளிய சிப். நீங்கள் காசு போட்டு வாங்கிய டிவியின் நல்ல சிப், அது கெடுத்துக் கொடுத்ததை வாங்கி மேலும் பெரிதாக்கிக்கொண்டிருக்கும். நிறத்திலும் ஒரு சறுக்கல் வரலாம்: எஸ்டிக்கும் எச்டிக்கும் நிறத்தைக் கணக்கிடும் வாய்ப்பாடு வேறு. பாக்ஸ் அதை மாற்றாமல் அனுப்பினால் தோல் நிறமும் பச்சையும் லேசாகப் பிசகும். அவுட்புட்டை 'ஒரிஜினல்' அல்லது '576i' என்று வைத்து, படத்தை வந்தபடியே டிவிக்கு அனுப்பிப் பாருங்கள். டிவி நல்லதாக இருந்தால் படம் மேம்படும், சுமாரானதாக இருந்தால் 1080-க்கே திரும்பிவிடலாம். சேனல் மாற்றும்போது ஒரு நொடி திரை கறுத்து வரும், அவ்வளவே.

கடையில் நிற்கும்போது

ஓடுவது கடைக்கென்றே தயாரித்த 4கே காட்சி, உங்கள் வீட்டில் அது வரப்போவதில்லை. எஸ்டி சேனல் ஒன்றைப் போடச் சொல்லுங்கள். டிஷ் இணைப்பு இல்லை என்றால் டிவிடி போட்டுப் பார்க்கலாம், அதுவும் 720-க்கு 576 தான். ஆனால் டிவிடிக்குப் பிட் தாராளம், ஆகவே வீட்டில் இதைவிட ஒரு படி குறைவாகவே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விவிட் மோடிலிருந்து ஸ்டாண்டர்டு அல்லது சினிமா மோடுக்கு மாற்றுங்கள். பிறகு வீட்டுச் சோபாவின் தூரத்தை அடி வைத்து அளந்து பின்னால் போய் நில்லுங்கள். விற்பவர் உங்களை டிவிக்கு அருகே இழுத்துக்கொண்டே இருப்பார்.

அங்கே நின்று அடியில் ஓடும் எழுத்தைப் பாருங்கள், சீப்புப் பல் வருகிறதா என்று. மைதானத்தின் புல் புல்லாக இருக்கிறதா, பச்சைப் பெயின்டாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் முகம் தலையைத் திருப்பும்போது குழைந்து மறுபடி தெளிகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றிலும் தேறும் டிவி மற்றதிலும் தேறும்.

மாட்டிய பிறகு

முதலில் ஷார்ப்னஸைக் குறையுங்கள். சில டிவிகளில் 0, சிலவற்றில் நடு அளவு என்பதே இயல்பு நிலை. எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் மறையும் இடத்தில் நிறுத்துங்கள். கூர்மையைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று தோன்றும், கூடுவது அழுக்குத்தான். நாய்ஸ் ரிடக்‌ஷனும் எம்பெக் நாய்ஸ் ரிடக்‌ஷனும் லோ அல்லது மீடியத்தில் இருக்கட்டும். எச்டிக்கு இவற்றை அணைக்கச் சொல்வார்கள், எஸ்டிக்கு இவை மருந்து. ஹையில் வைத்தால் மறுபடி மெழுகு முகம். டைனமிக் கான்ட்ராஸ்ட் வேண்டாம். கேம் மோடு தற்செயலாக ஆனாகிவிட்டால் படத்தைத் தேற்றும் வேலை பலவற்றை டிவி விட்டுவிடும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சில பழைய நிகழ்ச்சிகளில் படத்தின் உச்சியில் வெள்ளைக் கோடுகள் துண்டு துண்டாகத் துடிப்பதைப் பார்த்துப் பேனல் போய்விட்டது என்று பயப்படுகிறார்கள். அனலாக் காலத்து டேப்பில் படத்துக்கு மேல் ஓரமாக ஒளித்து அனுப்பிய தகவல் வரிகள் அவை. ட்யூப் டிவி ஓரத்தைச் சற்று வெட்டியே காட்டியதால் அப்போது யார் கண்ணிலும் படவில்லை. பிக்சர் சைஸ் மெனுவில் ஓவர்ஸ்கேனை ஆன் செய்தால் போய்விடும்.